காப்பி ஏலம்

நாவல் படிக்கும் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஒரு பொதுத்துறை ஸ்தாபனத்தில் கணக்குப் பகுதியில் முப்பது வருஷங்களுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். வருகிறபோதெல்லாம் என்னைச் சீண்டாமல் போகமாட்டார். சென்ற மாதம் வந்தவர் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் ஸார், நீங்களெல்லாம் காதல், கல்யாணம், சொத்துத் தகராறு இவற்றையே எத்தனை நாள்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள்? ஒரு சர்க்கார் கம்பெனி கடல் கடந்து போய் வேறொரு தேசத்தில் எண்ணெய் வயல் வாங்குகிறது. அதில் மந்திரி சபை இருக்கிறது, தூதராலயம் இருக்கிறது, கோடிக் கணக்கில் பணம் இருக்கிறது. அதை வைத்து ஒரு நாவல் எழுத முடியுமா உங்களால்?"

"எழுதியாகிவிட்டது. 1860-ல் பிரசுரமாயிற்று. எண்ணெயைப் பற்றி இல்லை, இப்போது நீங்கள் குடிக்கிறீர்களே, அந்தக் காப்பியைப் பற்றி" என்றேன்.

அவர் நம்பவில்லை. அன்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நாவலின் பெயர் 'மாக்ஸ் ஹாவலார்'. டச்சு மொழியில் எழுதப்பட்டது. நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பில். ஆசிரியர் தம் பெயரை முல்டாட்டுலி என்று போட்டுக்கொண்டார். நிறையத் துன்பப்பட்டவன் என்று லத்தீனில் அதற்கு அர்த்தம். உண்மைப் பெயர் எட்வர்ட் டவ்வெஸ் டெக்கர். 1820-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி, ஜாவாவில் சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தவர். 1856 ஜனவரியில் மேற்கு ஜாவாவில் லெபாக் என்ற ஏழை ஜில்லாவுக்கு உதவி ரெசிடெண்டாக வந்து சேர்ந்தார். அந்த ஜில்லாவின் சுதேசித் தலைவர், ரீஜெண்ட் என்று சொல்வார்கள், குடியானவர்களின் எருமைகளைக் காசு கொடுக்காமல் பிடித்துப் போகிறார், கூலி இல்லாமல் வேலை வாங்குகிறார் என்று டெக்கர் மேலதிகாரிக்கு எழுதினார். மேலதிகாரி நிதானம் போதித்தார். கவர்னர் ஜெனரலோ கண்டித்து எழுதி, வேறு ஊருக்கு மாற்றினார். டெக்கர் வேலையை ராஜிநாமாச் செய்தார். லெபாக்கில் அவர் இருந்தது மூன்று மாதங்கள்கூட முழுதாக இல்லை. 1859-ல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஒரு மலிவான விடுதியில், கையில் காசில்லாமல் உட்கார்ந்து, சில வாரங்களில் இந்த நாவலை எழுதி முடித்தார்.

இது ஓர் உத்தியோகஸ்தரின் மனக்குறையாக நின்றிருக்கலாம். நிற்கவில்லை. காரணம், நாவலின் உபதலைப்பிலேயே இருக்கிறது: டச்சு வியாபாரக் கம்பெனியின் காப்பி ஏலங்கள்.

இந்தக் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1799-ல் முடிந்துபோயிற்று. அதற்குப் பின் முதலாம் வில்லியம் மன்னர் 1824-ல் ஸ்தாபித்தது இது. மன்னர் தம் சொந்தப் பணத்திலிருந்து 40 லட்சம் கில்டர் போட்டார். மற்றப் பங்குதாரர்களுக்கு நூற்றுக்கு நாலரை வீதம் லாபம் வருவதற்குத் தாமே உத்தரவாதம் என்றார். பெயருக்குத்தான் பங்குக் கம்பெனி. நிஜத்தில் அது ராஜாங்கத்தின் கை. ஆரம்பத்தில் வியாபாரம் சரியாக நடக்கவில்லை. மன்னர் சொன்ன வாக்குக்காகக் கைப்பணம் கொடுக்க நேர்ந்தது. அப்புறம் 1830-ல் வான் டென் பாஷ் என்பவர் கவர்னர் ஜெனரலாக ஜாவாவுக்கு வந்து கட்டாயச் சாகுபடித் திட்டத்தை ஆரம்பித்தார். நிலவரிக்குப் பதிலாகக் கிராமத்து நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் சர்க்கார் சொல்கிற பயிரைப் போட வேண்டும். காகிதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நடைமுறையில் அதோடு நிற்கவில்லை. காப்பி, கரும்பு, அவுரி எல்லாம் சர்க்கார் கிடங்குக்குப் போகும். அவற்றைக் கப்பலேற்றி ஹாலந்தில் ஏலம் போடும் உரிமை கம்பெனிக்கு. சரக்கு அதிகம் வந்தால் வெள்ளைக்கார அதிகாரிக்கும் கமிஷன் உண்டு, ரீஜெண்டுக்கும் உண்டு. 1850-களில் ஹாலந்து சர்க்காரின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. கடனை அடைத்தார்கள், ரயில் பாதை போட்டார்கள். 1849-லும் 1850-லும் மத்திய ஜாவாவில் டெமாக், க்ரோபோகன் பகுதிகளில் பஞ்சம் வந்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்.

இப்படிப்பட்ட விஷயத்தை எடுத்துக்கொண்ட நாவலாசிரியன் எங்கே ஆரம்பிப்பான்? என்னைக் கேட்டிருந்தால், ஜாவாக் குடியானவன் வீட்டில் என்று சொல்லியிருப்பேன். டெக்கர் ஆம்ஸ்டர்டாமில், லவ்ரியர் கால்வாய்க் கரையில், 37-ஆம் எண் வீட்டில் ஆரம்பிக்கிறார். அங்கே ட்ரூக்ஸ்டாப்பல் என்ற காப்பித் தரகர் வசிக்கிறார். ஜாவாவைக் கண்ணால் பார்த்தறியாதவர். ஞாயிறு தவறாமல் மாதாகோவிலுக்குப் போகிறவர். பொய் அவருக்குப் பிடிக்காது. கவிதையும் நாடகமும் பொய் சொல்கின்றன என்று அவற்றின் மேல் அவருக்குக் கோபம். பழைய பள்ளித் தோழன் ஒருவன், குளிரில் கோட்டு இல்லாமல் சால்வை போர்த்தித் திரிகிறவன், ஒரு காகிதக் கட்டை அவரிடம் ஒப்படைக்கிறான். அதில் காப்பியைப் பற்றியும் குறிப்புகள் இருப்பதைப் பார்த்து, வியாபாரத்துக்கு உபயோகமான ஒரு புஸ்தகம் செய்யலாம் என்று தரகர் நினைக்கிறார். எழுதும் வேலையைத் தம் ஆபீஸிலுள்ள ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் இளைஞனிடம் கொடுக்கிறார். இளைஞன் காகிதங்களைப் படித்துவிட்டு, காப்பியை விட்டு விலகி, லெபாக்கில் ஹாவலார் என்ற அதிகாரி பட்ட பாட்டை எழுத ஆரம்பித்துவிடுகிறான். நடுநடுவே தரகர் குறுக்கிட்டு, தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வாசகரிடம் முறையிடுகிறார்.

படிக்கிறபோது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபின்தான் ஆசிரியர் என்ன செய்துவிட்டார் என்று தெரிகிறது. தரகர் கெட்டவர் அல்ல. யாருடைய எருமையையும் அவர் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஏலத்தில் நியாயமாக விலை கேட்டு, நியாயமாகத் தரகு வாங்குகிறார். தலைப்பில் வருகிற கம்பெனியோ ஒரு பாத்திரமாக நாவலில் எங்கும் வருவதில்லை; ஏலமும் நம் கண்முன் நடப்பதில்லை. ஒரு முனையில் தரகர் வீடு, மறு முனையில் லெபாக் கிராமம், நடுவில் சர்க்கார் கடிதங்கள். கம்பெனியையும் ராஜாங்கத்தையும் நாம் அந்தக் கடிதங்களின் தொனியிலிருந்து ஊகித்துக்கொள்கிறோம். ஹாவலாரின் மேலதிகாரி ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே அரை நாழிகை ஆகிறது. கவர்னர் ஜெனரலைப் பார்த்துவிட வேண்டும் என்று ஹாவலார் காத்துக் கிடக்கிறார். அவரோ ஊருக்குத் திரும்பும் ஏற்பாடுகளில் இருக்கிறார், பார்க்க நேரமில்லை. முகமில்லாத ஸ்தாபனத்தை நாவலுக்குள் கொண்டுவருவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஸய்ட்ஜா, அடிண்டா கதையைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச முடியாது. ஸய்ட்ஜாவின் தகப்பன் எருமையைப் பறிகொடுக்கிறான், பரம்பரைக் குறுவாளை விற்று இன்னொன்று வாங்குகிறான், அதுவும் போகிறது. மூன்றாவது எருமை பையனைப் புலியிடமிருந்து காப்பாற்றிய எருமை, அதுவும் போகிறது. பையன் வளர்ந்து, எருமை வாங்கப் பணம் சேர்க்க படேவியா நகரத்துக்குப் போகிறான். முப்பத்தாறு மாதம் கழித்துக் கேதாபாங் மரத்தடியில் சந்திப்பதாக அடிண்டாவிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அவள் நெல் குத்தும் கட்டையில் மாதத்துக்கு ஒரு கோடு கீறி எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவன் திரும்பி வந்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. அவள் குடும்பத்தின் எருமையும் பறிபோய், அவர்கள் ஓடிப்போய்க் கலகக்காரர்களோடு சேர்ந்திருக்கிறார்கள். தேடிப் போனவன் டச்சுப் பட்டாளம் பிடித்த ஊரில் அவள் பிரேதத்தைக் காண்கிறான். சிப்பாய்களின் துப்பாக்கி முனைக் கத்திகள்மேல் தானே போய் விழுகிறான்.

இதில் கண்ணீர் கொஞ்சம் அதிகம்தான். ஆசிரியருக்கும் அது தெரிந்திருக்கிறது. இந்தப் பையனும் பெண்ணும் கற்பனையாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, எருமைகள் கற்பனை அல்ல என்பதற்கு ஒரு பட்டியலையே கொடுத்துவிடுகிறார்: யாரிடமிருந்து எத்தனை எருமை பிடிக்கப்பட்டது என்று. கதையை நம்பாதவன் கணக்கை நம்பட்டும் என்று விட்டுவிடுகிறார். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

குறைகள் உண்டு, சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஹாவலார் அளவுக்கு மீறி உத்தமனாக இருக்கிறான். ஆசிரியர் தம்மைத் தாமே கண்ணாடியில் பார்த்து மெச்சிக்கொள்கிறாரோ என்று பல இடங்களில் தோன்றுகிறது. பிரசங்கங்கள் நீளம். லெபாக் காப்பிக்குப் பேர்போன ஜில்லாவும் அல்ல. தரகரின் காப்பிக்கும் ஸய்ட்ஜாவின் எருமைக்கும் நேரான முடிச்சு நாவலில் விழவில்லை. யோசித்துப் பார்த்தால் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. ஜாவா முழுவதும் குடியானவனை வயலுக்கு அனுப்ப ராஜாங்கத்துக்கு ரீஜெண்டுகள் வேண்டியிருந்தார்கள். ஆகையால் எந்த ஊரிலும் எந்த ரீஜெண்டின் கொள்ளையையும் அது பார்க்க விரும்பவில்லை. இதை டெக்கர் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

இவற்றைவிடப் பெரிய குறை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஆசிரியர் ஸ்டெர்னைப் போகச் சொல்லி, தரகரையும் விரட்டிவிட்டு, தாமே பேனாவை எடுக்கிறார். மூன்றாம் வில்லியம் மன்னரை நேரில் விளித்து, கோடிக்கணக்கான பிரஜைகள் உம் பெயரால் வதைக்கப்படுவது உமக்குச் சம்மதமா என்று கேட்கிறார். உலக நாவல்களில் இவ்வளவு தைரியமான முடிவு அதிகமில்லை. ஆனால் யாரிடம் போய்க் கேட்கிறார்? கம்பெனியை ஸ்தாபித்து, முதல் போட்டு, லாபத்துக்கு உத்தரவாதம் கொடுத்த மன்னரின் பேரனிடம்! முதலாளியிடமே போய், உம் கம்பெனியின் லாபம் எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று கேட்கிறார். டச்சு ஆட்சி ஜாவாவை விட்டுப் போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மன்னர் விசாரித்தால் சரியாகிவிடும் என்றே கடைசிவரை நம்பினார். மன்னர் பதில் சொல்லவில்லை. நாவலோ பரபரப்பாகப் பேசப்பட்டது. கட்டாயச் சாகுபடி 1870-க்குப் பிறகு மெதுவாகக் குறைந்தது. அதற்கு மனச்சாட்சி ஒரு காரணம் என்றால், ஜாவாவுக்குள் நுழையக் காத்திருந்த தனியார் முதலாளிகள் இன்னொரு காரணம்.

கம்பெனியின் பிற்காலக் கதையும் சுவாரஸ்யமானது. அது வங்கியாக மாறி, 1964-ல் இன்னொரு வங்கியோடு இணைந்து, 1991-ல் ஏபிஎன் ஆம்ரோ ஆயிற்று. 2008-ல் உலகத்து வங்கிகள் ஆட்டங்கண்டபோது டச்சு சர்க்கார் அதை வாங்கிக்கொண்டது. மன்னர் ஆரம்பித்தது மறுபடியும் ராஜாங்கத்தின் கைக்கே வந்து சேர்ந்தது. ஹாவலாரின் பெயரோ 1988 முதல் ஹாலந்தில் காப்பிப் பொட்டலத்தில் ஒட்டும் முத்திரையாகிவிட்டது. விளைவித்தவனுக்கு நியாயமான விலை கொடுக்கப்பட்டது என்று அதற்குப் பொருள்.

"சரி ஸார், இதெல்லாம் ராஜா காலத்து ஏகாதிபத்தியம். நம் கதை வேறு" என்றார் நண்பர்.

வேறுதான். நாம் யாரையும் அடிமைப்படுத்தப் போகவில்லை. இருந்தாலும் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஈரானில் எண்ணெய் தேடுவதற்காக 1965-ல் நம் சர்க்கார் ஆரம்பித்த ஒரு சிறு கம்பெனி, 1989-ல் ஓஎன்ஜிசி விதேஷ் என்று பெயர் மாறியது. 2003-ல் அது சூடான் தேசத்து எண்ணெய் வயல்களில் நூற்றுக்கு 25 பங்கைச் சுமார் 72 கோடி டாலருக்கு வாங்கிற்று. விற்றது டாலிஸ்மன் என்ற கானடாக் கம்பெனி. நல்ல எண்ணெய், ஓடிக்கொண்டிருக்கிற கிணறுகள், கடற்கரைவரை குழாய். எதற்காக விற்றார்கள்?

சூடானில் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் வயல்களைச் சுற்றியிருந்த நூவர், டிங்கா ஜனங்களின் கிராமங்களைச் சர்க்கார் பட்டாளமும் அதன் கூலிப்படைகளும் காலி செய்கின்றன என்று அறிக்கைமேல் அறிக்கை வந்தது. கானடா சர்க்கார் அனுப்பிய குழு 2000-ல் கொடுத்த அறிக்கை, எண்ணெய் யுத்தத்தை மோசமாக்குகிறது என்றது. எண்ணெய் வயலின் விமானத் தளத்தை ராணுவம் உபயோகிப்பதையும் சொல்லிற்று. 2001-ல் நியூயார்க்கில் வழக்கு வந்தது. வழக்கு பின்னால் தள்ளுபடியாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்குள் பங்குதாரர்கள் சலித்துப்போனார்கள். பங்கு விலை ஏறவில்லை. கம்பெனி விற்றுவிட்டு வெளியேறிற்று.

தனியார் கம்பெனியைப் பங்குதாரர் தொந்தரவு செய்யலாம். சர்க்கார் கம்பெனியின் பெரிய பங்குதாரர் சர்க்கார். அதற்கு எண்ணெய் வேண்டும், அயல்நாட்டுச் சிநேகம் வேண்டும். சூடானில் ஏற்கனவே சீனச் சர்க்காரின் கம்பெனிக்கு 40 பங்கு, மலேசியச் சர்க்காரின் பெட்ரோனாஸுக்கு 30 பங்கு. தனியார் பயந்து விட்டுப் போன இடத்தில் சர்க்கார் கம்பெனிகள் போய் உட்கார்ந்தன. அந்தத் தைரியத்தைக் கொடுத்தது அரசியல். கேள்வி கேட்பாரில்லாமல் செய்ததும் அதே அரசியல். நம் கம்பெனி அங்கே அக்கிரமம் செய்தது என்று நான் சொல்லவில்லை. அது போகும்போது சமாதானப் பேச்சு ஆரம்பித்திருந்தது. 2005-ல் ஒப்பந்தமும் ஆயிற்று. 2011-ல் தெற்குச் சூடான் தனி நாடாயிற்று; கிணறுகளில் பெரும்பகுதி தெற்கே, குழாய் வடக்கே. குழாய்க் கட்டணத் தகராறில் 2012-ல் தெற்கு உற்பத்தியையே நிறுத்திவிட்டது. சூடானில் நாம் போட்ட இன்னொரு குழாய்க்கு வர வேண்டிய பணம் வருஷக் கணக்கில் நிலுவையாக நின்றது. சிநேகத்துக்காகப் போன இடத்தில் பாக்கி வசூலிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நண்பருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் விடவில்லை. "போகாமல் இருந்தால்? 2004-ல் ஆங்கோலாவில் ஒரு வயலின் பாதிப் பங்கை வாங்க நம்மவர்கள் பேசி முடித்தார்கள். சீனா அந்த நாட்டுக்கு 200 கோடி டாலர் கடன் கொடுத்தது. வயல் சீனாக்காரன் கைக்குப் போயிற்று. அடுத்த வருஷம் கஜகஸ்தானிலும் அவனே ஜெயித்தான். அவன் பின்னால் அவன் சர்க்கார் முழுசாக நிற்கிறது. நம் கம்பெனி ஒவ்வொரு பெரிய பேரத்துக்கும் மந்திரி சபை அனுமதிக்குக் காத்திருக்கிறது. நீங்கள் மனச்சாட்சியையும் சேர்த்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள்!"

நியாயமான கட்சிதான். எண்ணெய் இல்லாமல் ஊர் ஓடாது. அவர் ஸ்கூட்டரும் ஓடாது. ஆனால் சர்க்கார் கம்பெனி என்றால் கேள்வியே கேட்க முடியாது என்பதும் இல்லை. அப்போது ஸ்டாட்டாயில் என்ற பெயரில் இருந்த நார்வேக் கம்பெனி பெரும்பாலும் அந்த நாட்டு சர்க்காருக்குச் சொந்தமானது. ஈரானில் காண்டிராக்டு பிடிக்க அது ஓர் இடைத்தரகருக்குப் பணம் கொடுத்த விஷயத்தை 2003-ல் அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. போலீஸ் கம்பெனி ஆபீஸில் புகுந்து சோதனை போட்டது. அந்த மாதத்திலேயே தலைவரும் நிர்வாகியும் பதவி விலகினார்கள். நமக்குச் சொந்தமான கம்பெனி பிறர் நாட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்கிற பழக்கம் அந்த ஜனங்களுக்கு இருந்தது. நம்மிடம் அந்தப் பழக்கம் குறைவு. சூடானிலிருந்து எண்ணெய்க் கப்பல் வந்தபோது அதை ஒரு வெற்றியாகத்தான் நாம் பார்த்தோம். நானும் அப்படித்தான் பார்த்தேன். அந்த எண்ணெய் எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறது, அங்கே முன்பு யார் குடியிருந்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. லவ்ரியர் கால்வாய் 37-ஆம் எண் வீட்டில் நானும் குடியிருந்தேன் என்பது நாவலை இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது.

அதனால்தான் அந்தக் கடைசிப் பக்கம் என்னைத் தொந்தரவு செய்கிறது. டெக்கருக்கு விளித்துக் கேட்க ஒரு மன்னர் இருந்தார். இன்று ஒருவன் அந்த மாதிரி நாவல் எழுதினால், கடைசிப் பக்கத்தில் யாரை விளிப்பான்? மந்திரியையா? அவர் நாம் அனுப்பியவர். கம்பெனி நம்முடையது, நூற்றுக்கு இத்தனை லாபம் என்று பட்ஜெட்டில் வருகிற பணமும் நம் கணக்கில்தான் வருகிறது. நாவலை வாங்கிப் படிக்கிற வாசகரைத்தான் அவன் விளிக்க வேண்டியிருக்கும். அப்படி எழுதுகிற தைரியம் என் தலைமுறை எழுத்தாளர்களுக்கு வரவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். வருகிறவன் மிஸிஸிப்பியிலிருந்தோ பாரிஸிலிருந்தோ உத்தி தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு வீடு, ஒரு கிராமம், நடுவே ஆபீஸ் கடிதங்கள், முடிவில் ஒரு பட்டியல். அது போதும்.

நண்பர் புஸ்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஹாவலார் பேச்சையெல்லாம் தள்ளித் தள்ளித்தான் படித்தேன்" என்றார். பிறகு கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்த எருமைப் பட்டியலை மட்டும் பென்சிலால் கூட்டிப் பார்த்தேன், ஸார். முப்பது வருஷம் எத்தனையோ ஆண்டறிக்கைகளைக் கூட்டிச் சரிபார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு பட்டியல் எதிலும் இருந்ததில்லை" என்றார்.